தலைக்கு ஐம்பது லிட்டர்

அவசரநிலைத் தீர்மானம், எண் நான்கு:
தட்டச்சு செய்தவள் நான்தான்.
தலைக்கு, நாளொன்றுக்கு, ஐம்பது லிட்டர்.
'தலைக்கு' என்ற இடத்தில் பிழை விழுந்து
மறுபடி அடித்தேன்.
தலைவர் கையெழுத்துப் போட்டார்.
முத்திரை மை காய்ந்திருந்தது,
எச்சில் தொட்டுக் குத்தினோம்.

போன ஜூலையில்,
மழை பெய்திருக்க வேண்டிய ஜூலையில்,
கமிட்டிக் கிணறு மணலைத் துப்பியது.
மோட்டார் வெறுங்காற்றை இழுத்து இருமிற்று.
நிறுத்தினேன்.
அப்போதுதான் தெரிந்தது,
இத்தனை வருடம் ஊரே
அந்தச் சத்தத்தின் மேல் படுத்துத்
தூங்கியிருக்கிறது.

எதிர்மலை முழுக்க அவகாடோ, கரும்பச்சை.
அவர்கள் கிணறு நூற்றைம்பது மீட்டர்.
அதைப் பற்றித் தீர்மானத்தில்
ஒரு வரியும் இல்லை.

செவ்வாயும் வெள்ளியும் லாரி வரும்.
எலியாசர் ஹாரன் அடிப்பதில்லை,
நாய்களே சொல்லிவிடும்.
அறுபத்தெட்டு வீடு, அறுபத்தெட்டு நீலத் தொட்டி.
குச்சி விட்டு அளப்பேன்,
நோட்டில் எழுதுவேன்.
காபியில் குளோரின் நாறுகிறது என்பார்கள்;
குளோரின் போடுவதும் நான்தான்.

ஆகஸ்டில் மாகாண அலுவலகத்திலிருந்து
அட்டவணை வந்தது.
பிறந்தவர், இறந்தவர், வெளியூர் போனவர்.
திருத்தி அனுப்பவும்.
பெரால்டா வீட்டில் இரட்டைக் குழந்தை:
கூட்டு நூறு.
சாந்தியாகோவுக்கு நர்சிங் படிக்கப் போன பெண்:
கழி ஐம்பது.
அவள் அம்மா நோர்மா கேட்டாள்,
'சனிக்கிழமை வருவாளே,
தலை அலச வேண்டாமா அவள்?'
சனிக்கிழமைக்கு அட்டவணையில்
கட்டம் இல்லை.

பதினேழாம் எண்.
சுனில்டா அர்மிஹோ, ரோசாமேல் வெர்காரா.
தலைகள், இரண்டு.
ரோசாமேலை மே மாதம் புதைத்தோம்.
குழி வெட்டியவர்களில் என் அண்ணனும் ஒருவன்.
ஆள் ஆழம் போயும்
மண்ணில் ஈரம் தட்டவில்லை என்றான்.
மூன்று மாதமாய் ரோசாமேல்
தினம் ஐம்பது லிட்டர் வாங்குகிறார்.
அளந்து எழுதியவள் நான்.

பேனாவோடு போனேன்.
கொடியில் ஆண்பிள்ளைச் சட்டை, ஒன்றே ஒன்று,
காலர் கீழே, கைகள் தொங்க.
அடியில் பிளாஸ்டிக் வாளி
சொட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது.

'அழுக்காய் எப்படி யஸ்னா
இன்னொருத்தருக்குக் கொடுப்பது?
வாரத்துக்கு ஒன்றுதான் முடிகிறது.
சுரங்கத்து வியர்வை, லேசில் போகாது.
அவர் பங்கில்தான் துவைக்கிறேன்,
என் பங்கைத் தொடுவதில்லை.'

இன்னும் எத்தனை என்று கேட்டேன்.
வேறென்ன கேட்க, நான் கமிட்டி.
உள்ளே போய் எண்ணிவிட்டு வந்தாள்:
'பதினொன்று. கோட்டையும் சேர்த்தால்.'

ஒருவரைத் தலைமுழுகுவதற்கும்
தண்ணீர் வேண்டியிருக்கிறது.
பதினொரு வாரம்.
பேனா மூடியைத் திறக்காமல்
திரும்பினேன்.

அடுத்த கூட்டத்தில் நோர்மா எழுந்தாள்.
'செத்தவருக்கு உண்டு,
என் மகளுக்கு இல்லையா?'
நியாயம்தான்.
சுனில்டா கடைசி வரிசையில்
கைப்பையை மடியில் வைத்து
என்னைப் பார்க்காமல் இருந்தாள்.
யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.
அடுத்த பொருள், டீசல் பில், என்றார் தலைவர்.
நோர்மா நின்றுகொண்டே இருந்தாள்,
டீசல் பில் முடியும் வரை.

அன்று இரவு
அட்டவணையை இரண்டு முறை திருத்தினேன்,
இரண்டு முறை அழித்தேன்.
பதினேழில் காகிதம்
மெலிந்து ஓட்டை விழுந்தது.

வெள்ளிக்கிழமை நாய்கள் குரைத்தன.
லாரிக் கதவு திறந்து
முதலில் இறங்கியது ஒரு சட்டை:
கல்லுப்பட்டு நைந்த முழங்கை,
இடது பையில்
கழுவியும் போகாத மைக்கறை.
எலியாசருக்குத் தோளில் கொஞ்சம் பெரிது.
கையை இரண்டு மடிப்பு மடித்து
ஹோஸை இழுத்துக்கொண்டு வந்து
கேட்டான்,
'பதினேழுக்கு எவ்வளவு?'